மாடியில் குடியிருப்பவருக்குக் காசநோய்: காலி செய்யச் சொல்வது அறமாகுமா?

கீழ்வீட்டுக்காரன் | சனி, காலை 7.40

அறவியல் படித்தவர்களும் சுகாதாரத் துறையில் பணியாற்றியவர்களும் இங்கே இருப்பதால் இந்தக் கேள்வியை முன்வைக்கிறேன். எங்கள் வீட்டு மாடியில் மூன்று ஆண்டுகளாக ஒரு தையல் தொழிலாளி மனைவியுடனும் பள்ளி செல்லும் மகளுடனும் குடியிருக்கிறார். வாடகை ஒரு மாதம்கூடத் தள்ளிப் போனதில்லை. ஏழு வாரங்களுக்கு முன் அவருக்கு நுரையீரல் காசநோய் உறுதியாகி, அரசு மருத்துவமனையில் மாத்திரை தொடங்கியிருக்கிறார்கள். இதை அவர் எங்களிடம் சொல்லவில்லை. அவரைப் பார்க்க வரும் பணியாளரின் வண்டியில் காசநோய் ஒழிப்புத் திட்டத்தின் பெயர் எழுதியிருப்பதைப் பார்த்து, எதிர்வீட்டு அம்மாள் விசாரித்து எங்களுக்குச் சொன்னார்.

எங்கள் வீட்டில் மூன்று வயதுப் பேரன் இருக்கிறான். மாடிப்படியும் குழாயடியும் இரு வீட்டுக்கும் பொது. அவருடைய மகள் மாலையில் கீழே வந்து பேரனுடன் விளையாடுவாள். தேர்வு நேரம் என்பதால் சில வாரங்களாக வருவதில்லை என்பது ஒன்றுதான் இப்போதைக்கு நிம்மதி. இந்த மாதத்துடன் காலி செய்யச் சொல்லிவிட வேண்டும் என்று என் மனைவியும் மருமகளும் சொல்கிறார்கள்.

அட்வான்ஸைத் திருப்பிக் கொடுத்து அனுப்புவதில் உள்ள சட்ட விவரங்களை நான் கேட்கவில்லை. எனக்கு வேண்டியது இரண்டு விடைகள். அவர் எங்களிடம் மறைத்தது தவறா? பேரனைக் காப்பது என் முதல் கடமை என்றால், அவரை வெளியேற்றுவதும் அந்தக் கடமைக்குள் அடங்காதா?

தராசு | சனி, காலை 9.15

ஐயா, நீங்கள் ஏன் இவ்வளவு குற்றவுணர்வுடன் எழுதுகிறீர்கள் என்று எனக்குப் புரியவில்லை. தனிமனிதச் சுதந்திரத்தின் பெரிய காவலர் என்று சொல்லப்படும் ஜான் ஸ்டூவர்ட் மில்லே, பிறருக்குத் தீங்கு நேரும் இடத்தில் அந்தச் சுதந்திரம் நின்றுவிடுகிறது என்று 1859-ஆம் ஆண்டிலேயே எழுதிவிட்டார். காற்றில் பரவும் நோயைக் காட்டிலும் இதற்குப் பொருத்தமான எடுத்துக்காட்டு இருக்க முடியாது. மேலும், நீங்கள் அரசாங்கம் இல்லை. யாரையும் பிடித்து அடைக்கவில்லை. உங்கள் வீட்டில் யார் இருக்க வேண்டும் என்று முடிவு செய்கிறீர்கள், அவ்வளவுதான். எல்லோரையும் சமமாகப் பார்க்க வேண்டும் என்பது நீதிபதிக்கான அறம். தாத்தாவுக்கான அறம் பேரனிடமிருந்துதான் தொடங்கும்.

அறவினா | சனி, பகல் 12.30

தராசு அவர்கள் சொன்னதில் பாதி எனக்கு உடன்பாடே. நெருங்கியவர்மீது நமக்குக் கூடுதல் கடமை உண்டு என்பதை மறுக்கும் அறவியல் கோட்பாடு மனிதர்களுக்குப் பயன்படாது. மில்லின் தீங்குக் கொள்கையைப் பாதியில் நிறுத்திவிட்டதைத்தான் நான் மறுக்கிறேன். தீங்கு நேரக்கூடும் என்று ஒருவர் சொன்னவுடன் எதையும் செய்யலாம் என்ற உரிமையை அந்தக் கொள்கை கொடுப்பதில்லை. அந்தத் தீங்கு இப்போது இருக்கிறதா, நாம் செய்யப்போகும் செயல் அதைக் குறைக்குமா, அதைவிட மென்மையான வழியில் அதே பலன் கிடைக்காதா என்ற கேள்விகளைத் தாண்டிய பிறகுதான் அனுமதி கிடைக்கிறது. பொதுச் சுகாதார அறவியலில் விகிதப் பொருத்தம் என்று இதைச் சொல்வார்கள்.

இந்த நிகழ்வில் என்னை உறுத்துவது காலம். மாத்திரை தொடங்கும் முன், காரணம் தெரியாமல் இருமிக்கொண்டிருந்த வாரங்களில்தான் அவரால் மற்றவர்களுக்கு ஆபத்து அதிகம் இருந்திருக்கும். அப்போது அவரை யாரும் காலி செய்யச் சொல்லவில்லை. சளியைக் கொடுத்து, நோயை அறிந்து, தினமும் மாத்திரை விழுங்கத் தொடங்கி, ஆபத்தைத் தாமே குறைத்துக்கொண்டிருக்கும்போது வெளியேறச் சொல்கிறோம். அப்படியானால் நாம் தண்டிப்பது நோயையா, நோயைக் கண்டறிந்ததையா?

ஜெர்மன் தத்துவ அறிஞர் கான்ட் ஒரு சோதனையைச் சொல்வார்: நீ பின்பற்றப்போகும் விதியை எல்லோரும் பின்பற்றினால் அந்த விதி நிற்குமா என்று பார். வகுப்பில் இதைக் கற்பிக்கும்போது மாணவர்கள் பெரும்பாலும் கொட்டாவி விடுவார்கள். ஆனால் இங்கே இது அச்சாகப் பொருந்துகிறது. காசநோய் உறுதியானவரை வீட்டுக்காரர் வெளியேற்றலாம் என்பது ஊர் முழுவதும் விதியாகிவிட்டால், வாடகைக்கு இருக்கும் எவரும் சளிப் பரிசோதனைக்குப் போக மாட்டார். இருமலை அடக்கிக்கொண்டு அதே மாடிப்படியில் ஏறி இறங்குவார். பேரனைக் காக்க ஏற்பட்ட விதி, எல்லாப் பேரன்களையும் ஆபத்தில் விடும். ஒரு சிலர் மட்டும் பின்பற்றும் வரைதான் அது பலன் தருவதுபோல் தோன்றும்.

களப்பணி58 | சனி, மாலை 6.05

நான் காசநோய்த் திட்டத்தில் சிகிச்சை மேற்பார்வையாளராக இருந்து ஓய்வு பெற்றவன். தத்துவம் படித்ததில்லை. ஆனால் இந்தக் கேள்வியை நூறு வாசல்களில் நின்று கேட்டிருக்கிறேன்.

முதலில் நோயைப் பற்றிய விவரம். மருந்துக்குக் கட்டுப்படும் காசநோயில், முறையாக மாத்திரை தொடங்கிய இரண்டு வாரங்களில் பொதுவாகப் பரப்பும் தன்மை பெருமளவு குறைந்துவிடும். இது குழாயடியிலோ, படிக்கட்டின் கைப்பிடியிலோ, தட்டிலோ டம்ளரிலோ பரவுவதில்லை. மூடிய அறையில் ஒரே காற்றை நெடுநேரம் பகிர்வதால்தான் பரவுகிறது. நீங்கள் அவரைச் சந்தேகத்துடன் பார்க்கத் தொடங்கியதே ஏழாவது வாரத்தில் என்றால், பெரும்பாலான ஆபத்து அதற்கு முன்பே கடந்து போயிருக்கும்.

அறவினா அம்மா காலத்தைப் பற்றிக் கேட்ட கேள்விக்குச் சென்னையிலேயே ஒரு விடை உண்டு. அந்தக் காலத்தில் காசநோய் என்றால் சானடோரியம் என்ற தனி மருத்துவமனையில் மாதக்கணக்கில் படுக்க வைப்பதுதான் வழக்கம். 1956-இல் சென்னையில் தொடங்கிய காசநோய் வேதிச்சிகிச்சை மையம், நோயாளிகளைக் குலுக்கல் முறையில் இரண்டாகப் பிரித்து, ஒரு பகுதியினரைச் சானடோரியத்திலும் மற்றவர்களை அவரவர் வீட்டிலும் வைத்து ஓராண்டு ஒரே மருந்தைக் கொடுத்தது. சானடோரியத்தில் ஓய்வும் நல்ல சாப்பாடும் இருந்தன. வீடுகளோ நெரிசலான ஏழைக் குடித்தனங்கள். ஆண்டு முடிவில் நோய் அடங்கியவர்கள் வீட்டில் 86 விழுக்காடு, சானடோரியத்தில் 92 விழுக்காடு. வீட்டில் இருந்தவர்களின் குடும்பத்தினரையும் ஆண்டுக்கணக்கில் தொடர்ந்து பார்த்தார்கள். நோயாளி உடன் இருந்ததால் அவர்களுக்குக் கூடுதலாக நோய் வரவில்லை. நோய் தொற்றியிருந்தால், அது பெரும்பாலும் சிகிச்சைக்கு முன்பே தொற்றியதாக இருந்தது. சானடோரியக் காலம் முடிந்ததற்கு இந்த ஆய்வு ஒரு முக்கியக் காரணம். தாம்பரத்துக்கு முந்தைய ரயில் நிறுத்தத்தின் பெயரில் மட்டும் அந்தச் சொல் மிச்சம் இருக்கிறது.

அந்த வண்டியைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். திட்டத்தின் பெயர் எழுதிய வண்டியை நோயாளியின் வாசலில் நிறுத்தியது எங்கள் துறையின் தவறு. அவருடைய ரகசியத்தைக் காக்க வேண்டியவர்களே அதை ஊருக்கு அறிவித்துவிட்டார்கள். என் காலத்தில் நானும் இதைச் செய்திருக்கிறேன்.

கீழ்வீட்டுக்காரன் | சனி, இரவு 9.20

களப்பணி ஐயாவின் பதிவை வீட்டில் உரக்கப் படித்துக் காட்டினேன். மருமகள் மௌனமாகக் கேட்டாள். என் மனைவி கேட்டது இது: "பொதுவாக, பெரும்பாலும் என்றே எழுதியிருக்கிறாரே, நிச்சயமாக என்று எங்கேயும் எழுதவில்லையே?" என்னிடம் பதில் இல்லை.

தராசு | ஞாயிறு, காலை 8.10

அந்த அம்மாவின் கேள்விதான் இந்த இழையிலேயே சரியான கேள்வி. மருந்துக்குக் கட்டுப்படாத கிருமியாக இருந்தால் என்ன செய்வது? அவர் நாலாவது மாதத்தில் உடம்பு தேறிவிட்டது என்று மாத்திரையை நிறுத்தினால் என்ன செய்வது? சராசரியைக் கணக்கிட்டுக் கொள்கை வகுப்பது அரசின் வேலை. ஒரு குழந்தைக்கு நோய் வந்தால் அதற்குச் சராசரி என்று ஆறுதல் சொல்ல முடியாது. நோயாளியை நம்பித்தான் எல்லாம் என்றால், அவர் மாத்திரை விழுங்குவதைக் கண்ணால் பார்த்து உறுதிசெய்யும் அதிகாரமாவது பிறருக்கு வேண்டும்.

வழக்காடி | ஞாயிறு, காலை 11.45

அதிகாரம் என்று சொன்னதால் இரண்டு நிகழ்வுகளைச் சொல்கிறேன்.

கென்யாவின் கப்சபெட் நகரில் 2010-இல், காசநோய் மாத்திரையை நிறுத்திவிட்டார்கள் என்பதற்காக இரண்டு ஆண்களைப் பொதுச் சுகாதாரச் சட்டத்தின் கீழ் எட்டு மாதம் சிறையில் வைக்க ஒரு நீதிமன்றம் ஆணையிட்டது. காற்றில் பரவும் நோயைத் தடுப்பதற்காக நோயாளிகளை நெரிசலான சிறை அறையில் மற்றக் கைதிகளுடன் அடைத்தார்கள்! நாற்பத்தாறு நாள்களுக்குப் பிறகு வெளியே வந்த அவர்கள் தொடுத்த வழக்கில், சிகிச்சைக்காகச் சிறையில் அடைப்பது அரசமைப்புக்கு முரணானது என்று 2016-இல் உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. தீங்கைத் தடுக்கும் நோக்கம் உண்மையானதாக இருந்தாலும், எடுத்த வழி அந்தத் தீங்கையே பெருக்கக்கூடும் என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று எனக்குத் தெரியாது.

இரண்டாவது நிகழ்வு நியூயார்க்கில் சமையல் வேலை செய்த அயர்லாந்துப் பெண் மேரி மாலன். அவருக்கு டைஃபாய்டு அறிகுறி எதுவும் இல்லை; ஆனால் அவருடைய உடலில் கிருமி இருந்தது. 1907-இல் அவரைப் பிடித்து நகரத்தை ஒட்டிய ஒரு தீவில் வைத்தார்கள். இனிச் சமைப்பதில்லை என்று உறுதியளித்த பிறகு 1910-இல் விட்டார்கள். துணி வெளுக்கும் வேலை கிடைத்தது. அதில் கூலி குறைவு. 1915-இல் ஒரு மகப்பேறு மருத்துவமனையில் இருபத்தைந்து பேருக்கு டைஃபாய்டு வந்தபோது, வேறு பெயரில் அங்கே சமைத்துக்கொண்டிருந்தவர் அவரே என்று தெரிந்தது. இரண்டு பேர் இறந்தார்கள். மீண்டும் தீவு, 1938-இல் இறக்கும் வரை அங்கேயே இருந்தார். அதே நகரத்தில் கிருமி தாங்கிய மற்றவர்கள் பலர் தெரிந்தே வெளியில் இருந்தார்கள்.

மேரியின் இரண்டாவது சமையலை நான் நியாயப்படுத்த மாட்டேன். அந்த இரண்டு உயிர்களுக்கு அவரும் பொறுப்பு. ஆனால் ஒரு பெண்ணின் ஒரே கைத்தொழிலைப் பிறர் நலனுக்காகப் பறித்துவிட்டு, அதற்கு ஈடான பிழைப்பைக் கொடுக்காமல் விட்ட நகரத்தின் பொறுப்பை யாரும் கணக்கில் எடுப்பதில்லை. அவருடைய பெயரோடு டைஃபாய்டைச் சேர்த்துப் பட்டப்பெயர் வைத்ததோடு சரி.

அறவினா | ஞாயிறு, மாலை 5.30

வழக்காடி தொட்ட இடத்தில்தான் நான் சொல்ல விரும்பியதும் இருக்கிறது. மருத்துவ அறவியலின் அடிப்படை என்று நாம் வழக்கமாகக் கற்பிப்பவை நான்கு: ஒருவரின் தன்னாட்சியை மதித்தல், தீங்கு செய்யாமை, நன்மை செய்தல், நீதி. ஒரு மருத்துவரும் ஒரு நோயாளியும் எதிரெதிரே உட்கார்ந்திருக்கும் அறைக்கு இவை போதும். ஊர் முழுவதும் உள்ளே வரும்போது இன்னொன்று தேவைப்படுகிறது. பிறருக்காக ஒருவர் சுமை தாங்க வேண்டும் என்று நாம் கேட்டால், அந்தச் சுமையைத் தாங்கும்படி அவரை வைத்துக்கொள்ளும் கடமை கேட்டவர்களுக்கு வந்துவிடுகிறது. இதை எதிர்க்கடப்பாடு என்று நான் மொழிபெயர்த்துக்கொள்கிறேன். நல்ல சொல் கிடைத்தால் சொல்லுங்கள்.

இந்தத் தையல்காரர் என்ன சுமக்கிறார் என்று பாருங்கள். ஆறு மாதம் தினமும் மாத்திரை. முதல் இரண்டு மாதம் நான்கு மருந்து. குமட்டல் வரும், மூட்டு வலிக்கும், சிறுநீர் ஆரஞ்சு நிறத்தில் போகும். தம் நலனுக்காக மட்டும் என்றால், உடம்பு தேறியதும் நிறுத்திவிட அவருக்கு உரிமை உண்டு என்று வாதிடலாம். நிறுத்தக் கூடாது என்று நாம் வற்புறுத்துவதற்குக் காரணம் நோய் திரும்பும் என்பது மட்டும் இல்லை; மருந்தை எதிர்க்கும் கிருமி ஊருக்குப் பரவும் என்பதும்தான். அப்படியானால் அவர் விழுங்கும் மாத்திரையில் ஒரு பங்கு உங்கள் பேரனுக்காக விழுங்கப்படுகிறது. அந்த ஆறு மாதமும் அவருக்கு ஒரு கூரை இருக்க வேண்டும் என்பதை அவருக்குச் செய்யும் தருமமாக நான் பார்க்கவில்லை, வாங்கியதற்குக் கொடுக்கும் விலையாகவே பார்க்கிறேன்.

கண்காணிப்பைப் பற்றி: எதிரே உட்கார வைத்து விழுங்கச் செய்யும் முறையையும், நோயாளியே வீட்டில் எடுத்துக்கொள்ளும் முறையையும் ஒப்பிட்ட ஆய்வுகளைத் தொகுத்த 2015-ஆம் ஆண்டுக் கோக்ரேன் மதிப்பாய்வு, வெறும் கண்காணிப்பால் குணமடைவோர் தொகை கூடியதாகக் காணவில்லை. சோற்றின் கதை வேறு. சென்னைக் காசநோய் ஆராய்ச்சி நிறுவனம் பங்கேற்று ஜார்க்கண்டில் நடத்தி 2023-இல் வெளியான ஆய்வில், நோயாளியின் வீட்டார் ஒவ்வொருவருக்கும் மாதம் ஐந்து கிலோ அரிசியும் ஒன்றரைக் கிலோ பருப்பும் கொடுத்த குடும்பங்களில், புதிதாகக் காசநோய் வருவது ஏறத்தாழ நாற்பது விழுக்காடு குறைந்தது. ஒப்பீட்டுக்காக வைத்த மற்றக் குடும்பங்களில் நோயாளிக்கு மட்டும் உணவுப் பை போனது. பக்கத்தில் உட்கார்ந்திருந்த குழந்தைக்கு இல்லை. அது அறமா என்பதற்குத் தனி இழையே தேவை. அந்த முடிவு கையில் வந்த பிறகும் வீட்டாரை விட்டுவிடுவதற்கு இனி யாருக்கும் சாக்கு இல்லை என்று மட்டும் சொல்வேன்.

தராசு | ஞாயிறு, இரவு 8.50

உங்கள் வாதத்தின் கூர்மையை ஏற்கிறேன், ஆனால் அதன் சுவை எனக்குப் பிடிக்கவில்லை. கைம்மாறு கருதாமல் செய்வதைத்தானே நம் மரபு உயர்ந்த கடமை என்று சொல்கிறது? நீங்கள் அதைக் கொடுக்கல் வாங்கலாக்கிவிட்டீர்கள். நாளை அவர் மாத்திரையை நிறுத்தினால் கூரையைப் பறிக்கலாம் என்றும் ஆகிவிடும் அல்லவா? இன்னொன்று: ஊருக்கான கடனை இந்த ஒரு வீட்டுக்காரர் மட்டும் ஏன் அடைக்க வேண்டும்?

களப்பணி58 | திங்கள், காலை 6.40

தராசு ஐயாவின் கடைசிக் கேள்வி நியாயமானது. எல்லாவற்றையும் வீட்டுக்காரர் தலையில் கட்டக் கூடாது. அரசு தன் பங்காக மாதம் 500 ரூபாய் ஊட்டச்சத்து உதவியை 2018-இல் தொடங்கி, 2024 நவம்பரில் 1000 ஆக்கியது. ஒரு தையல்காரர் ஒரு வாரம் இயந்திரத்தில் உட்காரவில்லை என்றால் அதைவிடக் கூடுதலாக இழப்பார். போதாது என்றுதான் நானும் சொல்வேன்.

கொடுக்கல் வாங்கல் கசக்கிறது என்றார். எங்களுக்கு அது கசந்ததில்லை. பழைய திட்டத்தில் ஒவ்வொரு நோயாளிக்கும் ஓர் அட்டைப் பெட்டி உண்டு. புதிய நோயாளிக்குச் சிவப்பு, மறுசிகிச்சைக்கு நீலம். முழுச் சிகிச்சைக்கான மருந்தும் முதல் நாளே அந்தப் பெட்டிக்குள் இருக்கும்; மேலே அவர் பெயரை எழுதி நிலையத்து அலமாரியில் வைப்போம். கையிருப்பு தீர்ந்தாலும் அந்தப் பெட்டியை வேறு யாருக்கும் பிரிக்கக் கூடாது. ஒருநாள் விட்டு ஒருநாள் வந்து என் எதிரே விழுங்க வேண்டியிருந்ததைப் பலர் அவமானமாகத்தான் நினைத்தார்கள். ஆனால் தம் பெயரிட்ட பெட்டியை அலமாரியில் பார்த்தவர்கள், நாங்கள் எங்கள் வாக்கைக் காப்போம் என்று நம்பினார்கள். பாதியில் விட்டுப் போனவரின் பெட்டியையும் நாங்கள் உடனே தூக்கிவிடவில்லை. அவரைத் தேடிப் போனோம். 2017-இல் தினசரி மருந்து முறை வந்த பிறகு பெட்டி போய்விட்டது. மாத்திரை அட்டையைப் பிரித்தால் உள்ளே தெரியும் எண்ணுக்குக் கட்டணமில்லாமல் அழைத்துப் பதிவு செய்யும் முறை வந்தது. அவமானம் குறைந்தது உண்மை. பெட்டி இல்லாதது மட்டும் எனக்குக் குறையாகவே இருக்கிறது.

கீழ்வீட்டு அம்மாவுக்கு: நிச்சயம் என்று எழுத என்னால் முடியாது, எழுதினால் பொய். ஆனால் சந்தேகத்தைக் குறைக்க வழிகள் உண்டு. நோயைக் கண்டறியும்போதே முக்கிய மருந்தான ரிஃபாம்பிசினைக் கிருமி எதிர்க்கிறதா என்று இயந்திரத்தில் பார்த்துவிடுவது திட்டத்தின் முறை. இரண்டு மாதம் முடிந்ததும் சளியை மறுபடி பார்ப்பார்கள். அவருக்கு அது அடுத்த வாரம் வரும். பேரனை ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு அழைத்துப் போய் விவரத்தைச் சொல்லுங்கள்; சோதித்துவிட்டுத் தடுப்பு மருந்து தேவையா என்பதை மருத்துவர் முடிவு செய்வார். படிக்கட்டு ஜன்னலைத் திறந்து வையுங்கள். காலி செய்யச் சொன்னால், கடந்துபோன வாரங்களில் தொற்றியிருக்கக்கூடியது எதுவும் மாறாது.

கீழ்வீட்டுக்காரன் | புதன், இரவு 10.15

நேற்று மாலை மாடிக்குப் போனேன். அவர் என்னை உள்ளே அழைக்கவில்லை. முகக்கவசத்துடன் வெளியே வந்து மொட்டைமாடிச் சுவர் ஓரம் நின்று பேசினார். ஏன் சொல்லவில்லை என்று நான் கேட்கவே இல்லை. அவராகவே சொன்னார். முன்பு குடியிருந்த தெருவில் ஒருவர் சொல்லிவிட்டு, அந்த வாரமே சாமான்களை ஏற்றியதைப் பார்த்திருக்கிறார்.

காலி செய்ய வேண்டாம் என்று சொன்னேன். கைகூப்பவோ நன்றி சொல்லவோ இல்லை, தலையை மட்டும் அசைத்தார். அப்போது எனக்கு அது சற்று ஏமாற்றமாகக்கூட இருந்தது என்பதை ஒப்புக்கொள்கிறேன். அறவினா அம்மா எழுதியதை நினைத்துக்கொண்டேன். தையல்காரர் கேட்டது ஒன்றுதான்: அந்தப் பணியாளரிடம் வண்டியைத் தெருமுனையில் நிறுத்திவிட்டு நடந்து வரும்படி நான் பெரியவனாகச் சொல்ல முடியுமா என்று. தாம் சொன்னால் உதவித்தொகைக்குத் தடை வருமோ என்று அவருக்கு அச்சம். இன்று காலை சொல்லிவிட்டேன்.

மகளின் தேர்வைப் பற்றிப் பேச்சுவாக்கில் கேட்டபோது அவர் விழித்தார். தேர்வே இன்னும் தொடங்கவில்லையாம். மாத்திரை தொடங்கிய அன்று மாலையிலிருந்து கீழே போகக் கூடாது, சின்னப் பையனை எடுக்கக் கூடாது என்று அவரும் மனைவியும் அந்தப் பெண்ணிடம் சொல்லியிருக்கிறார்கள். இதை இறங்கி வந்து வீட்டில் சொன்னேன். என் மனைவி ஒன்றும் சொல்லவில்லை. சற்று நேரம் கழித்து, அந்தப் பெண் இனிக் கீழே வரலாமா என்று அந்த ஐயாவிடம் கேட்டு எழுதுங்கள் என்றாள். அதற்காகத்தான் இந்தப் பதிவு.

களப்பணி58 | வியாழன், காலை 6.20

அந்தப் பெண்ணுக்கும் தாயாருக்கும் வீட்டுத் தொடர்புப் பரிசோதனை ஆகியிருக்க வேண்டும். ஆகிவிட்டதா என்று மட்டும் அவரிடம் கேளுங்கள். ஆகி, ஒன்றும் இல்லை என்றால், வரலாம். முற்றத்தில் விளையாடட்டும்.